சேர்மன் வளர்த்த கிருமி

அந்த வீட்டில் எல்லோரும் அவரைச் சேர்மன் என்றுதான் சொன்னார்கள். அவர் எந்தக் கம்பெனிக்கும் சேர்மன் இல்லை. இருந்தது ஒரு டிரை கிளீனிங் கடை. பின்பக்கம் சலவை இயந்திரங்கள், மாடியில் இஸ்திரி அறை, முன்பக்கம் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன ஏ.சி. அறை. அந்த அறையில் ஒரு சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்துகொண்டு கோட்டு கொடுக்க வந்தவர், திரைச்சீலை வாங்க வந்தவர், வழி கேட்க வந்தவர் என்று யாரையும் விடாமல் எல்லோருக்கும் அவர் ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தார். சர்க்கரைக்கு என்ன சாப்பிட வேண்டும், முழங்கால் வலிக்கு எந்தப் பக்கம் படுக்க வேண்டும், எந்த டாக்டர் ஏமாற்றுக்காரர் என்று அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. துணியில் இருக்கிற கறை காப்பியா ரத்தமா என்பது மட்டும்தான் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிற வேலை சின்னவளுடையது.

சின்னவள் என்றால் சேர்மனுடைய தம்பி மனைவி. கல்யாணமாகி வந்த மறுவருடமே அவளை அந்தக் கண்ணாடி அறையில் சேர்மனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். துணி வாங்குவது, பிரித்துப் பார்ப்பது, பில் போடுவது, போனை எடுப்பது, துணி சுருங்கிப்போய்விட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் திட்டு வாங்குவது எல்லாம் அவள் பாடு. சேர்மனைப் பற்றி அவளுக்கு என்றுமே உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததில்லை. அவர் பேச ஆரம்பித்தால் அவள் காதை மூடிவிட்டுக் கையை மட்டும் ஓட விடுவாள். கணவனிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவன் அண்ணன் பகல் என்றால் பகல், இரவு என்றால் இரவு.

சேர்மனின் இருமல் கடைக்கே அடையாளம். முதலில் தொண்டையைச் செருமுவார். பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வார். பிறகு கண்ணாடி அதிர இருமுவார். கடைசியில் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஆலோசனையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஒரு நாள் அது தூசி அலர்ஜி. இன்னொரு நாள் சலவை மருந்தின் வாடை. வேறொரு நாள் ஏ.சி. காற்று. ஜன்னலைத் திறக்கட்டுமா என்று அவள் ஒரு முறை கேட்டாள்.

"ஏ.சி. ஓடறப்ப ஜன்னலைத் திறக்கிறது விவரம் இல்லாதவங்க பண்ற வேலைம்மா" என்றார் சேர்மன்.

இருமல் அதிகமானால் அவரே மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புவார். டாக்டர் சீட்டெல்லாம் தேவையில்லை. லீவோஃப்ளாக்சசின் என்று ஒரு மாத்திரை. அந்தப் பெயரை அவர் உச்சரிக்கிற அழகைப் பார்த்தால், அதைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று தோன்றும். "பவர்ஃபுல் மாத்திரை. மூணு நாள் போட்டா போதும், நாலாவது நாள் நிறுத்திடணும். உடம்பு மருந்துக்குப் பழகிடக் கூடாது பாரு." உடம்பு பழகவில்லை. வேறு ஒன்று பழகிக்கொண்டிருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் சின்னவளுக்கு இருமல் வந்தது. சாயங்காலம் ஆனால் உடம்பு கணகணவென்று சுடும். விடிகிற நேரத்தில் தலையணை நனைந்திருக்கும். இடுப்பில் துணி நிற்காத அளவுக்கு இளைத்துப் போனாள். சேர்மன் மேசை டிராயரைத் திறந்து தன் பவர்ஃபுல் மாத்திரையில் மூன்றைக் கிள்ளி அவள் பக்கம் தள்ளினார்.

"போட்டுக்கோ. டாக்டர்கிட்ட போனா ஊசி, ஸ்கேன், எக்ஸ்ரேன்னு இழுத்து விட்டுடுவான்."

அவள் வாங்கிக்கொண்டாள். அவர் திரும்பியதும் குப்பைக் கூடையில் போட்டாள். மருத்துவ அறிவால் அல்ல. அவர் கையால் கொடுத்தது என்ற ஒரே காரணத்தால். மறுநாள் ஒருவரிடமும் சொல்லாமல் மார்புநோய் மருத்துவமனைக்குப் போனாள்.

அங்கே நீளமான ஒரு வராந்தா. பெஞ்சுகளில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது அருவருப்புதான். இந்த நோய் பிளாட்பாரத்தில் படுப்பவர்களுக்கு வருவது, குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர்களுக்கு வருவது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். இரண்டு பேருக்கு நடுவில் இடம் இருந்தும் நின்றுகொண்டே இருந்தாள். சளியை டப்பாவில் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாளே போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள்.

டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரர். சிரிப்பதற்கு நேரம் இல்லாத முகம். எடுத்த எடுப்பில் கேட்டார்:

"மாத்திரையை எத்தனை தடவை பாதியில விட்டீங்க?"

"எந்த மாத்திரைய?"

"டிபி மாத்திரை. உங்களுக்கு இருக்கிறது காசநோய். அதுவும் ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோய். அதுதான் இந்த நோய்க்கு முக்கியமான மருந்து. மாத்திரையை ஆரம்பிச்சு, உடம்பு தேறினதும் விட்டுட்டு, திரும்ப ஆரம்பிச்சு, திரும்ப விடறவங்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். அதான் கேக்கறேன்."

"நான் வாழ்நாள்ல ஒரு டிபி மாத்திரைகூடப் போட்டதில்லை" என்றாள் சின்னவள். நோய் வந்தது ஒரு பக்கம், செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவது இன்னொரு பக்கம். கடையில் வாங்குவது போதாதென்று இங்கேயுமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சரி. இன்னும் டெஸ்ட் இருக்கு. வரட்டும், பேசலாம்" என்றார்.

செய்தி வீட்டுக்கு வந்ததும் வீடு ஒரே நாளில் மாறிப்போனது. சின்னவளை வீட்டு மாடியில், திரும்ப வாங்க ஆள் வராமல் கிடந்த பழைய கம்பளங்களைப் போட்டு வைத்திருந்த அறைக்கு அனுப்பினார்கள். அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. தட்டால் இந்த நோய் பரவாது, காற்றால்தான் பரவும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்ததை அவள் சொன்னாள். அதை யார் காதில் வாங்கினார்கள்? சேர்மன் வீட்டு நடுவில் நின்றுகொண்டு உத்தரவு போட்டார். அந்த உத்தரவுக்கு நடுவிலேயே மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முகத்துக்கும் நேராக இருமினார். பிறகு சொன்னார்:

"கடையில யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. டைஃபாய்டுன்னு சொல்லிடுங்க. கண்ட கண்ட கஸ்டமரோட அழுக்குத் துணியை மூக்குகிட்ட வச்சுப் பார்த்தா இப்படித்தான் ஆகும். நான் எத்தனை தடவை சொன்னேன்?"

ஒரு தடவையும் சொன்னதில்லை. அழுக்குத் துணியைப் பார்க்க அவளைத் தவிர அங்கே வேறு ஆளும் இருந்ததில்லை.

கணவன் தட்டைக் கொண்டுவந்து படிக்கட்டின் கடைசிப் படியில் வைத்துவிட்டு, மணி அடிக்காத குறையாக ஒரு முறை கனைத்துவிட்டு இறங்கிப் போவான். அவள் கம்பளங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த மனிதனோடு இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்ததை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வந்தது.

மற்றப் பரிசோதனைகளின் முடிவு வந்தபோது டாக்டரம்மா அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். ஜன்னலெல்லாம் திறந்திருந்த அறை. இருவரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள்.

"கவனமாக் கேளுங்க. இதுல வகை இருக்கு. சில கிருமி ஒரே ஒரு மருந்துக்கு மட்டும் அடங்காது. சிலது ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் ரெண்டுக்குமே அடங்காது. அந்த ரெண்டும்தான் இந்த வைத்தியத்துக்கு ரெண்டு கால் மாதிரி. ரெண்டுக்கும் அடங்காததை எம்டிஆர்னு சொல்வோம்."

"எனக்கு அதுவா?"

"அதுக்கும் ஒரு படி மேல. ரெண்டும் போச்சுன்னா நாங்க அடுத்ததா நம்பறது லீவோஃப்ளாக்சசின் குடும்பத்து மருந்துகளை. உங்க கிருமிக்கு அதுவும் கேக்கலை. இதுக்கு ப்ரீ எக்ஸ்டிஆர்னு பேரு. இதுக்கு மேல இன்னும் ஒரு படிதான். இப்ப கடைசியா கையில இருக்கிற பெடாகுயிலின், லினசோலிட் மாதிரி மருந்துல ஒண்ணும் கேக்கலைன்னா அது எக்ஸ்டிஆர். உங்களுக்கு அது இல்லை. குணமாகும். ஆனா ஒரு நாள் விடாம சாப்பிடணும்."

லீவோஃப்ளாக்சசின் என்ற சொல் அவள் காதில் சுழல் நாற்காலியின் குரலில் கேட்டது.

"நீங்க மாத்திரை சாப்பிட்டதே இல்லைன்னு சொன்னீங்க. நம்பறேன்" என்றார் டாக்டரம்மா. "இந்த மாதிரிக் கிருமி வானத்துலேர்ந்து குதிக்காது. யாரோ ஒருத்தர் உடம்புல இதை வளர்த்திருக்காங்க. முதல்ல ரெண்டு பெரிய மருந்தையும் அரைகுறையா சாப்பிட்டிருக்காங்க. பொழைச்ச கிருமி இன்னும் முரட்டுக் கிருமியா ஆயிடுச்சு. அப்புறம் இந்த மூணாவது மருந்தைத் தனியா, கொஞ்சம் கொஞ்சமா போட்டுப் போட்டு அதுக்கும் பழக்கியிருக்காங்க. படிச்சு முடிச்ச கிருமி உங்களுக்கு அப்படியே வந்திருக்கு. உங்ககூட ஒரே அறையில, காத்து போகாத இடத்துல, ரொம்ப நேரம் உட்கார்ந்து இருமறது யாரு?"

அவள் சிரித்துவிட்டாள். முகக்கவசத்துக்குள் சிரித்ததால் டாக்டரம்மாவுக்கு அது அழுகையாகத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். அவள் குடித்துவிட்டு, சேர்மனைப் பற்றியும் அவருடைய பவர்ஃபுல் மாத்திரையைப் பற்றியும் சொன்னாள்.

வீட்டில் எல்லோரும் சளியைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். கணவன் போனான். சேர்மனம்மா, அதாவது சேர்மனின் மனைவி, போனார். சேர்மன் எக்ஸ்ரே என்றதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். "கதிர்வீச்சு! கேன்சருக்கு அதுதான் முதல் படி. நான் பேப்பர்ல படிச்சிருக்கேன். வேணும்னா சளியைக் கொடுத்து அனுப்பறேன்."

சளி டப்பா போனது. கிருமி இல்லை என்று முடிவு வந்தது. சேர்மன் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடாத குறை. மாடிக்குக் கேட்கட்டும் என்று படிக்கட்டுக்குக் கீழே நின்று பேசினார்.

"பாரு, சுத்தமா இருக்கு! என்னைச் சொன்னாங்க! நோய் யார்கிட்டேர்ந்து யாருக்கு வந்ததுன்னு இப்பவாவது புரியுதா? மாத்திரையை ஒழுங்கா முழுங்கச் சொல்லுங்க அவளை. இந்தப் பொம்பளைங்க மாத்திரையை ஜன்னல் வழியாப் போட்டுட்டு டாக்டர்கிட்ட பொய் சொல்லுவாங்க."

சின்னவள் அப்போது மருந்து ஆரம்பித்து இரண்டாவது மாதத்தில் இருந்தாள். வாந்தி குடலைப் பிடுங்கியது. உலகத்தில் எந்த உணவைப் பார்த்தாலும் வயிறு புரண்டது. உள்ளங்கால் மரத்துப்போய், தரையில் நடப்பது கம்பளத்தில் நடப்பது போல் இருந்தது. லினசோலிட்டால் அப்படி ஆகும், உடனே வந்து சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவள் போய்ச் சொன்னாள். ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். அவள் ஒரு நாளும் விடவில்லை. வாழ வேண்டும் என்ற ஆசை ஒரு காரணம். இன்னொரு காரணம், மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்கள் என்ற ஜாதியில் தன்னையும் சேர்மன் சேர்த்துவிடக் கூடாது என்ற வைராக்கியம். சில நாட்களில் இரண்டாவது காரணம்தான் மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளியது.

சேர்மனுடைய சளி சுத்தமாக இருந்த ரகசியம் அவளுக்குக் கடை இஸ்திரிக்காரர் மூலம்தான் தெரிய வந்தது. அவர் மாடிக்கு ஒரு மூட்டையை எடுக்க வந்தவர், கதவுக்கு வெளியிலேயே நின்று தயங்கினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. எனக்கு நோய் எதுவும் இல்லைதானே?"

"உங்களுக்கு எதுக்கு நோய் வரும்?"

"இல்ல... முதலாளி அன்னிக்கு ஒரு டப்பாவைக் கொடுத்து, நல்லாக் காறி இதுல துப்புன்னாரு. எதுக்குன்னு கேட்டேன். கடை ஆளுங்களுக்கெல்லாம் செக்கப் பண்றோம்னாரு. மத்தவங்களைக் கேட்டா யார்கிட்டயும் வாங்கலைன்னு சொல்றாங்க. அதான் எனக்கு மட்டும் ஏதோ இருக்கோன்னு பயமா இருக்கு."

சின்னவள் தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. சொத்தைத் திருடுபவன் உண்டு, பெயரைத் திருடுபவன் உண்டு. அடுத்தவன் எச்சிலைத் திருடித் தன் பெயரை ஒட்டி அனுப்புகிறவனை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். சுழல் நாற்காலி, கடை வாசலில் பெயர்ப் பலகை, பார்க்கிறவனுக்கெல்லாம் ஆலோசனை. இத்தனையும் வைத்துக்கொண்டு, ஒரு டப்பாவில் துப்ப மட்டும் தைரியம் இல்லை.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லை. உங்க சளி சுத்தமா இருக்குன்னு ரிசல்ட் வந்திருக்கு. ஆனா நீங்களும் அந்த அறைக்குப் போய் வர்றவர்தான். எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துடுங்க" என்றாள். அவர் நிம்மதியாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அன்று இரவு படிக்கட்டில் தட்டை வைக்க வந்த கணவனை உள்ளே கூப்பிட்டுச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "அண்ணன் அப்படிச் செய்வாரா?" என்றான். அப்புறம் தரையைப் பார்த்தான். செய்வார் என்று அவனுக்குத் தெரியும். "இப்ப கேட்டா வீடு ரெண்டாயிடும். கொஞ்சம் பொறு" என்றான்.

"பொறுத்தது போதும், நீ போ" என்றாள். கல்யாணமாகி முதல் முறையாக அவனை நீ என்று சொன்னாள். அவன் அதைக் கவனித்தானா என்று தெரியவில்லை.

அவள் பொறுத்திருக்கவும் கூடும். சேர்மனின் மகள் கைக்குழந்தையோடு வந்து இறங்காமல் இருந்திருந்தால்.

அந்தப் பெண் தூரத்தில் வேலை பார்ப்பவள். பிரசவ விடுப்பில் அப்பா அம்மாவோடு சில வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். சித்திக்கு டைஃபாய்டு என்றுதான் அவளிடமும் சொல்லியிருந்தார்கள். அவள் மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். சின்னவள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே முற்றத்தில் சேர்மன் பேரனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கொஞ்சினார். செருமினார். பிடிக்க மேசை இல்லாததால் குழந்தையையே பிடித்துக்கொண்டு, அதன் தலைக்கு மேலே இருமினார்.

சின்னவள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். முற்றத்தின் ஓரத்தில், காற்று போகும் பக்கமாக, எல்லோருக்கும் தள்ளி நின்றாள்.

"குழந்தையை வாங்கிக்கோ" என்றாள் அந்தப் பெண்ணிடம். "உங்கப்பா கையிலேர்ந்து முதல்ல வாங்கு. அப்புறம் பேசலாம்."

"சித்தி, நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? டைஃபாய்டு..."

"எனக்கு டிபி. மருந்துக்கு அடங்காத டிபி. உங்கப்பாகிட்டேர்ந்து வந்தது. அவர் டெஸ்டுக்குக் கொடுத்தது அவரோட சளி இல்லை. இஸ்திரிக்காரரோடது."

சேர்மனுக்குத்தான் முதலில் வாய் வந்தது.

"பொய்! காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சு இவளுக்கு. எனக்கு அலர்ஜி. முப்பது வருஷமா அலர்ஜி! என் டெஸ்ட் ரிசல்ட்டை வேணும்னா..."

"போதுங்க" என்றார் சேர்மனம்மா.

அந்த வீட்டில் சேர்மனம்மா வாயைத் திறப்பது அபூர்வம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"ரெண்டு தடவை மாத்திரை சாப்பிட்டாரு. நீ காலேஜ்ல இருந்தப்ப ஒரு தடவை. உன் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை. வெளியூர் போய் டாக்டரைப் பார்த்தாரு, இங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. ரெண்டு தடவையும் உடம்பு தேறினதும் விட்டுட்டாரு. ஆறு மாசம் சாப்பிடணும்னு சொன்ன டாக்டரை முட்டாள்னாரு. நான் சொன்னேன். கேக்கலை. யார்கிட்டயாவது சொன்னா என்னை உங்க மாமா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னாரு. நான் சொல்லலை." சின்னவள் பக்கம் திரும்பி, "உனக்குத் தட்டைத் தனியா வச்சப்பகூட நான் சொல்லலைம்மா" என்றார்.

"அக்கா, குழந்தை" என்றாள் சின்னவள். அவருக்கு ஆறுதல் சொல்ல அவளிடம் அப்போது எதுவும் இல்லை.

மகள் குழந்தையை அப்பாவின் கையிலிருந்து பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். சேர்மன் வெறும் கையோடு நின்றார். நாற்காலி இல்லாத இடத்தில் அவர் எவ்வளவு சின்ன மனிதர் என்று சின்னவள் அன்றுதான் பார்த்தாள். தோளில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தொளதொள சட்டையால் இத்தனை நாள் அதை மறைத்திருந்தார்.

மறுநாள் காலை தம்பி அண்ணனைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனான். கூட்டிக்கொண்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. வண்டிக் கதவைத் திறந்துவிட்டு, அண்ணன் ஏறும் வரை நின்றான். அண்ணன் சொன்னதற்கு எதிராக அவன் வாழ்க்கையில் செய்த முதல் காரியம் அது. சின்னவள் மாடியிலிருந்து பார்த்தாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய நோய் வேண்டியிருந்ததா என்று நினைத்தாள்.

இந்த முறை சேர்மன் நர்ஸ் முன்னால் நின்று துப்பினார். முடிவு வந்தது. சின்னவளுடைய கிருமி எந்தெந்த மருந்துக்கு அடங்கவில்லையோ அதே மருந்துகளுக்கு இதுவும் அடங்கவில்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் குகை போல ஓர் ஓட்டை. அலர்ஜியின் ஓட்டை.

மகளுக்கும் குழந்தைக்கும் பரிசோதனை நடந்தது. இருவருக்கும் நோய் இல்லை. மகள் டாக்டரம்மாவிடம் கேட்டாள்: "இனிமே வராம இருக்கக் குழந்தைக்குத் தடுப்பு மாத்திரை ஏதாவது குடுப்பீங்களா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இந்த மாதிரி வீட்டுக் குழந்தைங்களுக்குத் தடுப்பா நாங்க லீவோஃப்ளாக்சசின் கொடுப்போம். இந்தக் கிருமி அதுக்கும் பழகிடுச்சு. அந்த மருந்தைத்தான் உங்கப்பா மிட்டாய் மாதிரி தின்னிருக்கார். கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. ரெண்டு வருஷம் கண்ணுல வச்சுப் பார்த்துக்கணும். எடை ஏறலைன்னா, காய்ச்சல் வந்தா, சோர்ந்து படுத்தா, உடனே கொண்டு வரணும்."

மகள் அன்றே பெட்டியைக் கட்டினாள். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. போகும்போது மாடிப்படி வரை வந்து, "சித்தி, நான் போறேன்" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு போன் வந்தால் அம்மாவுக்கு வரும், சித்திக்கு வரும். சேர்மன் பக்கத்தில் நின்றாலும் போனை அவரிடம் கொடுக்கச் சொல்ல மாட்டாள். குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. நல்லவேளை, அது வெறும் காய்ச்சலாகப் போயிற்று.

சின்னவள் தேறினாள். சளியில் கிருமி இல்லை என்று வந்ததும் கீழே இறங்கி வந்தாள். மருந்து முடிந்த பிறகு கடைக்குப் போனாள். கண்ணாடி அறையில் அவள் உட்காரவில்லை. மேசையை வாசல் பக்கம் திறந்த இடத்தில் போட்டுக்கொண்டாள். பழைய வாடிக்கையாளர் ஒருவர், "டைஃபாய்டு சரியாப் போச்சாம்மா?" என்றார். "டைஃபாய்டு இல்லைங்க, டிபி. குணமாயிடுச்சு" என்றாள். அவர் கோட்டை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். போகட்டும் என்று விட்டாள். அவருடைய கோட்டில் எப்போதும் வியர்வை நாற்றம் வேறு.

சேர்மனும் அதே மாத்திரைகளைத்தான் சாப்பிட்டார். எடை ஏறியது. இருமல் அடங்கியது. உள்ளங்கால் மரத்தது. சின்னவளுக்கு மரத்தபோது அவள் டாக்டரிடம் போனாள். சேர்மன் தனக்குத் தானே டாக்டர். தினமும் மனைவி முன்னால் வாயில் போட்டுக்கொண்டு, சேர்மனம்மா திரும்பியதும் லினசோலிட்டை மட்டும் துப்பிக் கழிப்பறையில் போட்டார். "நரம்பு முக்கியமா, நுரையீரல் முக்கியமா?" என்று பின்னால் கேட்டார். அதற்குப் பதில் சொல்லக்கூட டாக்டரம்மா மெனக்கெடவில்லை. சில மாதங்களில் காய்ச்சல் திரும்பியது. பரிசோதனை முடிவு வந்தது. கிருமி கடைசிப் படியும் ஏறிவிட்டது. எக்ஸ்டிஆர்.

அவரை மருத்துவமனையிலேயே தனி அறையில் சேர்த்தார்கள். நீண்ட வைத்தியம். ஊசி, கை நிறைய மாத்திரை, ஊசியால் காது கெட்டுவிடவில்லையே என்று பரிசோதனை. மிச்சமிருக்கும் மருந்துகளைப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த வைத்தியம். பிழைப்பாரா என்று தம்பி கேட்டதற்கு, "வாயை மூடிட்டு மருந்தை முழுங்கினா வாய்ப்பு இருக்கு" என்றார் டாக்டரம்மா.

மருத்துவமனையில் காலை மருந்தை நர்ஸ் கொடுத்தார். மாலையில் வீட்டிலிருந்து ஒருவர் வந்து கூட இருந்து கொடுத்தால் நல்லது என்றார்கள். சேர்மனம்மா தன்னால் முடியாது என்று அழுதார். அவர் கண்ணை உருட்டினால் மாத்திரையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்றார். தம்பி தயங்கினான்.

"நான் போறேன்" என்றாள் சின்னவள்.

"உனக்கு எதுக்கு? அவர் உனக்குப் பண்ணினதுக்கு..."

"அவரை நம்பற யாரும் அங்க போகக் கூடாது. எனக்கு அவர் மேல ஒரு துளி மரியாதை கிடையாது. அதனால நான்தான் சரியான ஆள்."

கனமான முகக்கவசத்தோடு அவள் போனபோது ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் சேர்மன் சாய்ந்திருந்தார். பாதியாகிப் போயிருந்தார். வாய் மட்டும் முழுசாக இருந்தது. ரத்த அழுத்தம் பார்க்க வந்த புது நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"எங்க தம்பி சம்சாரம்மா. அவளுக்குத்தான் முதல்ல வந்துச்சு. ஒரே கடையில உட்கார்ந்தோம், எனக்கு ஒட்டிக்கிச்சு. என்ன பண்றது, குடும்பம்னா விட முடியுமா?"

சின்னவள் வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள். சேர்மன் அவளைப் பார்த்துவிட்டார். பேச்சு நின்றது. நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுத்துச் சொல்லலாம். முற்றத்தில் சொன்னது போல இங்கேயும் சொல்லலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது? இந்த மனிதன் செத்தாலும் பிழைத்தாலும் கதையை இப்படித்தான் சொல்வான். அந்தக் கதைக்கு எதிர்க்கதை சொல்லிக்கொண்டு திரிவது அவளுக்கு இனி வேலை இல்லை.

கையைக் கழுவினாள். மாத்திரைகளைத் தட்டில் கொட்டினாள். தண்ணீரை அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாக விழுங்கினார். முடிந்தது என்று தலையை ஆட்டினார்.

"வாயைத் திறங்க மாமா" என்றாள் சின்னவள்.

"முழுங்கிட்டேன்மா. என்னைச் சந்தேகப்படறியா?"

"ஆமா. திறங்க."

சேர்மன் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் ரத்த அழுத்தப் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் வாயைத் திறந்தார். அவள் செல்போன் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தாள்.

"நாக்கைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். அந்தப் பக்கம்."

இடது கடைவாயில், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில், பாதி கரைந்த ஒரு மாத்திரை இருந்தது. அவள் தண்ணீர் டம்ளரை மறுபடியும் நீட்டினாள்.